கருவி கத்துச்சு... கேட்டது யாரு?

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்தப் பதிவுல பாதி விஷயம் தெரிஞ்சிருக்கும். மத்தவங்களையும் மனசுல வச்சுத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, காபியோட உக்காந்து நிதானமா படிங்க.

ஏதாவது ஒரு மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வரும்போதெல்லாம் நம்ம ஆளுங்க கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை பேர் உக்காந்து எழுதுறாங்களே, வெளியில விடறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிப் பார்க்க மாட்டாங்களா?"

பார்க்கிறார்கள். நிரலை வரிவரியாக மேய்ந்து "இந்த இடத்துல ஏதோ இடிக்குதே" என்று சொல்வதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நேற்று வந்தவை இல்லை, 1978-லிருந்தே இருக்கின்றன. அப்புறமும் ஏன் ஓட்டை விழுகிறது? கருவி சரியில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கருவிகளின் கதையை முதலிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பல இடங்களில் கருவி சரியாகத்தான் சத்தம் போட்டிருக்கிறது. அந்தச் சத்தத்தை நாம் என்ன செய்தோம் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற இடத்தில் இருந்தது பெல் ஆய்வகம். யூனிக்ஸுக்கும் சி மொழிக்கும் பிறந்த வீடு. அங்கே வேலை பார்த்த ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் ஒரு கருவியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கருவியின் பெயர் லின்ட். துணியில் ஒட்டிக்கொண்டிருக்குமே பஞ்சுப் பிசிறு, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். சட்டை நல்ல சட்டைதான், ஆனாலும் பிசிறைத் தட்டிவிட்டுப் போட்டுக்கிட்டு போனா நல்லதுதானே? அந்த எண்ணத்தில் வைத்த பெயர்.

சி மொழிக்கு ஒரு குணம் உண்டு. பழைய காலத்துப் பண்ணையாள் மாதிரி. சொன்னதைச் செய்யும், ஏன் எதுக்குன்னு கேட்காது. "கிணத்துல குதி" என்று எழுதினால் குதித்துவிடும். சி கம்பைலரின் வேலை நிரலை வேகமாக எந்திர மொழிக்கு மாற்றிக் கொடுப்பது. உட்கார்ந்து சந்தேகப்பட அதற்கு நேரம் கிடையாது. அதனால் சந்தேகப்படுகிற வேலையை மட்டும் தனியாகப் பிரித்து லின்ட்டிடம் கொடுத்தார்கள். "இந்த மாறியை அறிவிச்சுட்டு அப்புறம் பயன்படுத்தவே இல்லையே", "மதிப்பு எதுவும் வைக்காம இதை எடுத்துப் பயன்படுத்துறியே", "இந்த வரிக்கு எந்த வழியா வந்தாலும் போய்ச் சேரவே முடியாதே" என்கிற மாதிரிக் கேள்விகளை லின்ட் கேட்கும்.

அதில் ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும். 'கோட்டூ' என்பது நிரலில் "இங்கிருந்து தாவி அந்த இடத்துக்குப் போ" என்று சொல்லும் கட்டளை. அப்படித் தாவச் சொன்ன பிறகு, அடுத்த வரியில் பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டாமல் ஒரு கட்டளை இருந்தால் அதற்கு யாருமே போய்ச் சேர முடியாது இல்லையா? லின்ட் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். 1978-லேயே.

இன்னொரு விஷயமும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. லின்ட்டின் வாயை அடைக்கும் வழி. நிரலுக்கு நடுவில் 'நாட் ரீச்ட்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால், "இதுக்குக் கீழ நிரல் ஓட்டம் வராதுன்னு எனக்கே தெரியும், நீ சும்மா இரு" என்று அர்த்தம். 'ஆர்க்ஸ் யூஸ்ட்' என்று எழுதினால், "இந்த உள்ளீட்டைப் பயன்படுத்தலைன்னு புலம்பாதே" என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை. ஜான்சன் லின்ட்டுக்கு முன்னாடியே யாக் என்று ஒரு கருவி எழுதியிருந்தார். அது தானாகவே நிரல் எழுதித் தரும். அப்படித் தானாகப் பிறக்கும் நிரல்களில் போய்ச் சேர முடியாத 'பிரேக்' கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் லின்ட் கத்தினால் காது கிழிந்துவிடும். அதனால் அந்த ஒரு வகை எச்சரிக்கையை மட்டும் லின்ட் வழக்கமாகச் சொல்லாது, வேணும்னு கேட்டால்தான் சொல்லும். ஆக, கருவி பிறந்த அன்றைக்கே "அளவுக்கு மீறிக் கத்தினா எவனும் கேட்க மாட்டான்" என்ற ஞானமும் கூடவே பிறந்துவிட்டது.

கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம், ஒரே ஒரு பத்திதான், ஓடிடாதீங்க. ஒரு நிரலைக் கொடுத்தால் அது என்றைக்காவது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே காட்டிவிட்டார். ஹென்றி ரைஸ் என்பவர் 1953-ல் அதை இன்னும் விரித்து, ஒரு நிரலின் நடத்தையைப் பற்றி உருப்படியான எந்தக் கேள்வி கேட்டாலும் இதே கதிதான் என்று நிறுவினார். நம்ம பாஷையில் சொன்னால், எல்லா ஓட்டையையும் ஒன்றுவிடாமல் பிடிக்கிற, ஒருதரம்கூடப் பொய்யாகக் கத்தாத, எந்த நிரலைக் கொடுத்தாலும் பதில் சொல்கிற கருவி இந்தப் பூமியில் வரவே வராது. ஒன்று சில ஓட்டைகளை விட்டுவிடும், இல்லாட்டி ஒண்ணுமில்லாததுக்கும் கத்தும். பெரும்பாலான கருவிகள் ரெண்டையும் செய்யும்.

லின்ட் வந்து பத்து வருஷம் கழித்து, 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் இணையத்தில் ஒரு புழுவை விட்டார். விட்டது எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து. அன்றைய குட்டி இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் படுத்துவிட்டதாக ஒரு மதிப்பீடு. புழு உள்ளே நுழைய வைத்திருந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. அதில் 'கெட்ஸ்' என்று ஒரு கட்டளை. வெளியிலிருந்து வருகிற எழுத்துகளை வாங்கி ஒரு பாத்திரத்தில் போடுவது அதன் வேலை. பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்று அது கேட்கவே கேட்காது.

அந்தப் பாத்திரத்தின் கொள்ளளவு 512 பைட். புழு அனுப்பியது 536 பைட். ஒரு படி அளவுள்ள பாத்திரத்தில் ஒன்றரைப் படி அரிசி கொட்டினால் மிச்சம் தரையில் சிந்தும், அள்ளிக்கலாம். கணினி நினைவகத்தில் அப்படி இல்லை. பக்கத்திலேயே "இந்த வேலை முடிஞ்சதும் எங்க திரும்பிப் போகணும்" என்ற முகவரிச் சீட்டு இருக்கிறது. சிந்துவது அந்தச் சீட்டின் மேல் விழுந்து பழைய முகவரியை அழித்துப் புது முகவரி எழுதிவிடும். அந்தப் புது முகவரியில் திருடன் உட்கார்ந்திருப்பான்.

இதைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நிரல் முழுக்க 'கெட்ஸ்' என்ற சொல்லைத் தேடினாலே போதும். தேடுகிற கருவி யூனிக்ஸிலேயே இருந்தது. தேடணும்னு யாருக்கும் தோணலை. புழு வந்த அதே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் தொடங்கினார்கள். மோரிஸுக்கு 1990-ல் மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூகசேவை, 10,050 டாலர் அபராதம். அவருடைய அப்பா யார் தெரியுமா? பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் கடவுச்சொல் பாதுகாப்பில் வேலை பார்த்து, அப்புறம் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமைக்குப் போனவர். வாத்தியார் பிள்ளை கதை! இதெல்லாம் நடந்தும் சி மொழியின் தரநிலையிலிருந்து 'கெட்ஸ்' நீக்கப்பட்டது 2011-ல்தான். 23 வருஷம்.

அடுத்த பெரிய திருப்பம் 1996. அலெஃப் ஒன் என்ற புனைபெயரில் ஒருவர் ஃப்ராக் என்ற மின்னிதழில், மேலே சொன்ன சிந்துகிற வித்தையைச் செய்முறைப் பாடமாகவே எழுதிவிட்டார். விஷயம் தெரிந்த சிலருக்கு மட்டும் கைவந்த வித்தை, படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் பொதுவானது. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஐடிஎஸ்4 என்ற கருவி 2000-ல் வந்தது. அடுத்த வருஷம் மே மாதம் டேவிட் வீலர் எழுதிய ஃப்ளாஃபைண்டரும், ராட்ஸ் என்ற இன்னொரு கருவியும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ரெண்டு தரப்பும் தனித்தனியாக வேலை செய்துகொண்டிருந்ததைத் தெரிந்துகொண்டு, பேசி வைத்துச் சேர்ந்தே வெளியிட்டார்கள்.

இந்த மூன்றும் லின்ட்டிலிருந்து ஒரு விதத்தில் வேறு. லின்ட் பொதுவாகப் பிசிறு தேடும். இவை பாதுகாப்பு ஓட்டைகளை மட்டுமே தேடும். உள்ளே ஆபத்தான கட்டளைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். கெட்ஸ், எஸ்டிஆர்காப்பி என்று போகும் பட்டியல். நிரலில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால், ஆபத்தின் அளவுக்கு ஒரு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திக் கொடுக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். ஆனால் கறுப்பா இருக்கிறதெல்லாம் கல்லுன்னு ஒரு கணக்கு. அரிசியும் கொஞ்சம் வெளியே போகும், வெள்ளைக் கல்லு உள்ளேயே தங்கும். பத்தாயிரம் வரி நிரலைக் கொடுத்தால் நூறு எச்சரிக்கை வரும். அதில் உருப்படியானது எது என்று ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாசன் எங்லரும் அவருடைய மாணவர்களும் வேறு கோணத்தில் யோசித்தார்கள். 2001-ல் அவர்கள் எழுதிய ஆய்வின் சாரம் இது: எது சரி எது தப்பு என்று நாம் கருவிக்குச் சொல்லித்தர வேண்டாம், நிரலையே கேட்போம். ஒரு நிரலில் ஆயிரம் இடத்தில் பூட்டைத் திறந்தவன் திரும்பப் பூட்டியிருக்கிறான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் பூட்டாமல் போயிருக்கிறான் என்றால் அந்த ஒரு இடம்தான் சந்தேகத்துக்குரியது. ஊரோடு ஒத்து வாழாதவனைச் சந்தேகப்படு. இந்த முறையில் லினக்ஸில் நிறைய வழுக்களைப் பிடித்தார்கள். அந்தக் குழுவே பிறகு கவரிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 2006-ல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 12.4 லட்சம் டாலர் ஒதுக்கி, திறமூல மென்பொருள்களை இப்படித் தொடர்ந்து சோதிக்க ஏற்பாடு செய்தது.

கவரிட்டிக்காரர்கள் 2010-ல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். என் கணக்கில் இந்த வரலாற்றிலேயே முக்கியமான கட்டுரை அதுதான். பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் ஆட்கள் கருவியையே கண்டுகொள்வதில்லையாம். உண்மையான வழுவும் அந்தக் குப்பையில் சேர்ந்து காணாமல் போகிறது. புலி வருது கதைதான். இன்னொன்று இதைவிட உறைக்கிறது. தனக்குப் புரியாத எச்சரிக்கையைப் பார்த்தால், "இது கருவியோட தப்பு" என்று முத்திரை குத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். நமக்குப் புரியலைன்னா சொல்றவன் முட்டாள்!

இதற்கு உதாரணமாக நிற்கிற கதை 2006-ல் நடந்தது. டெபியன் கதை.

டெபியன் என்பது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் தொகுப்பு. உபுண்டுவுக்கு அதுதான் தாய்வீடு. அதில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுப்பு இருக்கும். கணினிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ளத் தேவையான சாவிகளை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. சாவி யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்கணும். அதற்காக அது கிடைக்கிற இடத்திலிருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தாறுமாறான எண்களைத் திரட்டி ஒரு பெரிய அண்டாவில் போட்டுக் கலக்கும்.

அந்தக் கலக்கலில், இன்னும் மதிப்பு எதுவும் வைக்காத நினைவகத்தில் தற்செயலாகக் கிடக்கும் குப்பையையும் ஒரு இடத்தில் அள்ளிப் போட்டார்கள். கெட்டது ஒன்றுமில்லை, கூடக் கொஞ்சம் உப்பு மாதிரி. ஆனால் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவிக்கு அது பிடிக்கவில்லை. (வால்கிரைண்ட் மூலநிரலைப் படிக்கும் ரகமில்லை, நிரல் ஓடும்போது கூடவே நின்று பார்க்கும் ரகம். ஆனால் இங்கே பாடம் ஒன்றுதான்.) "மதிப்பே வைக்காததை எடுத்துப் பயன்படுத்துறியே" என்று கத்தியது. 1978-ல் லின்ட் கேட்ட அதே கேள்வி.

டெபியனில் அந்தத் தொகுப்பைப் பராமரித்தவர், எச்சரிக்கை எந்த வரிகளிலிருந்து வருகிறது என்று தேடினார். நிரலில் ரெண்டு இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இரண்டு வரிகள். ஓப்பன்எஸ்எஸ்எல் மடல்குழுவில் "இந்த ரெண்டையும் எடுத்துடலாமா?" என்று 2006 மே மாதம் கேட்கவும் செய்தார். பிழை தேட உதவும் என்றால் எடுக்கலாம் என்ற மாதிரி பதிலும் வந்தது. ரெண்டு வரிகளையும் எடுத்துவிட்டார். வால்கிரைண்ட் வாயை மூடிக்கொண்டது.

அந்த ரெண்டு வரிகளில் ஒன்றுதான் உப்பு. இன்னொன்று அடுப்பு! வெளியிலிருந்து திரட்டிய எண்களையெல்லாம் அண்டாவுக்குள் கொட்டுகிற வரியே அதுதான். களை பறிக்கப் போய் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிய கதை. அதற்கப்புறம் அண்டாவுக்குள் விழுந்தது ஓடும் நிரலின் அடையாள எண் மட்டும். லினக்ஸில் அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது. பிரபஞ்சத்தின் ஆயுள் முழுக்க முயன்றாலும் ஊகிக்க முடியாது என்று சொன்ன சாவிகள், ஒரு வகைக்கு, ஒரு நீளத்துக்கு, வெறும் முப்பத்திச்சொச்சம் ஆயிரமாகச் சுருங்கிவிட்டன. எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் செய்து பட்டியல் போட்டுவிடலாம். போட்டார்கள்.

இந்த மாற்றம் 2006 செப்டம்பரில் தொகுப்புக்குள் போனது. 2008 மே 13-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிரலாளர் கண்டுபிடித்தார். இருபது மாதம் டெபியனிலும் உபுண்டுவிலும் செய்த சாவிகளை எல்லாரும் தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. கெட்டுப்போன சாவிகளின் கறுப்புப் பட்டியலையே ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். அப்பவும் தீரவில்லை. 2015-ல் கிட்ஹப் தளத்தில் சிலர் இன்னமும் அந்தச் சாவிகளோடு உலவிக்கொண்டிருந்தது தெரியவந்து அவை ரத்து செய்யப்பட்டன.

அந்தப் பராமரிப்பாளரைத் திட்டித் தீர்த்தவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எச்சரிக்கையைப் பார்த்தார், அலட்சியம் பண்ணவில்லை, தெரிந்தவர்களிடம் கேட்டார், கேட்டுத்தான் செய்தார். தப்பு எங்கே நடந்ததென்றால், கேள்வி "இந்த வரி என்ன வேலை செய்யுது?" என்று இல்லாமல் "இந்த எச்சரிக்கையை எப்படி நிறுத்துறது?" என்று மாறிப்போன இடத்தில். அழுகிற குழந்தைக்குப் பசியா வயித்துவலியான்னு பார்க்கணும். வாயைப் பொத்தினாலும் அழுகை நிற்கும்தான்.

கருவி பேசியும் கெட்ட கதை அது. கருவியைப் பேசவே விடாத கதை ஒன்றும், கருவியே பேசாமல் இருந்த கதை ஒன்றும் 2014-ல் அடுத்தடுத்து வந்தன.

பிப்ரவரியில் ஆப்பிள். பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் "கோட்டூ ஃபெயில்" என்ற வரி தெரியாத்தனமாக ரெண்டு தடவை வந்துவிட்டது. முதலாவது ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. ரெண்டாவது எதுக்கும் கட்டுப்படாமல் எப்போதும் தாவும். அதற்குக் கீழே இருந்த முக்கியமான கையெழுத்துச் சோதனைக்கு நிரல் போகவே போகாது. போலி வங்கித்தளம் வந்து நின்றாலும் "வாங்க வாங்க" என்று கதவைத் திறந்துவிடும். மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, கோட்டூவுக்கு அடுத்து போய்ச் சேர முடியாத வரி, லின்ட்டின் கேள்வி? அதேதான். 36 வருஷத்துக்கு முன்னால் ஒரு கருவி கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதைக் கேட்கும் வசதி அன்றைய கிளாங் கம்பைலரிலும் இருந்தது. ஆனால் "எல்லா எச்சரிக்கையும் கொடு" என்று பெயர் வைத்த பொத்தானை அமுக்கினாலும் அது வராது. தனியாகக் கேட்டால்தான் சொல்லும். யாக்குக்காக ஜான்சன் வைத்த அதே ஏற்பாடு!

ரெண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 7. ஹார்ட்ப்ளீட். மறுபடியும் ஓப்பன்எஸ்எஸ்எல். ரெண்டு கணினிகள் பேசும்போது, "உயிரோட இருக்கியா?" என்று நடுநடுவே கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு. "'வடை', ரெண்டு எழுத்து, திருப்பிச் சொல்லு" என்றால் மறுபக்கம் "வடை" என்று சொல்லணும். ஒரு குறும்புக்காரன், "'வடை', அறுபத்தஞ்சாயிரம் எழுத்து, திருப்பிச் சொல்லு" என்று கேட்டால்? வடையைச் சொல்லிவிட்டு, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கடவுச்சொல், சாவி எல்லாவற்றையும் 64 கிலோபைட் வரை வரிசையாக ஒப்பித்தது. 2012 மார்ச்சிலிருந்து ரெண்டு வருஷம் இது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடனாமிகான் நிறுவனத்தினரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கனடா வருமானவரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் அடையாள எண்கள் திருட்டுப் போயின.

இங்கே கவரிட்டி ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஏற்கெனவே சோதித்துக்கொண்டுதான் இருந்தது. அதுக்கும் தெரியலை. அந்த நீளம் எதிராளி சொன்ன நீளம், நம்பக்கூடாதது என்று கருவிக்குப் புரியும்படி நிரலில் எங்கேயும் தடயம் இல்லை. சில நாளிலேயே கவரிட்டிக்காரர்கள் ஒரு அருமையான உபாயம் கண்டுபிடித்தார்கள். வலையிலிருந்து வரும் எண்களை, அவற்றின் பைட்டுகளை இடம்மாற்றித்தான் படிக்க வேண்டும். அப்படி இடம்மாற்றுகிற வரியைப் பார்த்தாலே "இது வெளியாள் கொடுத்த எண்" என்று கருவி சந்தேகப்படட்டும் என்று சொல்லித்தந்தார்கள். உடனே ஹார்ட்ப்ளீட் கண்ணில் பட்டது. திருட்டு போன பிறகுதான் என்றாலும், அடுத்த திருடனுக்கு உதவுமே.

இதில் மனசு கனக்கிற விஷயம் வேறு. உலகத்தின் பாதிப் பூட்டுகளுக்குச் சாவி செய்த அந்தத் திட்டத்துக்கு அப்போது முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். எச்சரிக்கை வந்தாலும் உட்கார்ந்து படிக்க ஆள் வேணுமே சாமி.

கடைசிக் கதை 2024 மார்ச் 29. இதில் மட்டும் கொஞ்சம் சந்தோஷம். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் என்ற சின்னத் தொகுப்பு. ஜியா டான் என்ற பெயரில் யாரோ ஒருவர் ரெண்டு வருஷத்துக்கும் மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்புக்கு வந்து, பிறகு அதில் ஒரு கள்ளக்கதவை வைத்தார். கதவின் முக்கியமான பகுதி மூலநிரலில் இல்லை. சோதனைக்கென்று வைத்த கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. மூலநிரலை மட்டும் மேயும் கருவி எதுவும் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் ஒரு கருவி முனகியது. எது தெரியுமா? வால்கிரைண்ட்! நம்ம பழைய ஆள்.

கள்ளன் அதையும் கவனித்தான். 5.6.0 பதிப்பில் வந்த முனகலை நிறுத்தவே 5.6.1 பதிப்பில் வேலை பார்த்தான். வழக்கமாக ஜெயித்திருப்பான். ஆனால் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அரை நொடி தாமதமாவதைப் பார்த்தார். அரை நொடி! நாமெல்லாம் "நெட் ஸ்லோ"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். சில வாரம் முன்னால் தன் சோதனைகளில் வால்கிரைண்ட் விநோதமாக ஏதோ புலம்பியதும் நினைவுக்கு வந்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தார். உலகம் முழுக்கப் பரவுவதற்கு முன்னால் கள்ளக்கதவு மாட்டிக்கொண்டது.

2006-லும் வால்கிரைண்ட், 2024-லும் வால்கிரைண்ட். ரெண்டு தடவையும் கருவி சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: "எனக்கு ஏதோ சரியாப் படலை." முதல் தடவை அது நிறுத்த வேண்டிய சத்தமாகத் தெரிந்தது. ரெண்டாவது தடவை ஒருவருக்கு அது பதில் கிடைக்காத கேள்வியாக மனசில் தங்கியது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து நிரலைப் படிக்கிறது. கூகுளின் பிக் ஸ்லீப் 2024-ல் எஸ்க்யூலைட் நிரலில் ஒரு உண்மையான ஓட்டையை, அது வெளியீட்டில் போவதற்கு முன்பே பிடித்தது. சபாஷ் போடலாம். அதே வருஷம் ஜனவரியில் கர்ல் மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த போலி ஓட்டை அறிக்கைகளைப் படித்துப் படித்தே நேரம் வீணாகிறது என்று நொந்து எழுதினார். ஒரு கையில் நல்ல எச்சரிக்கை, இன்னொரு கையில் மூட்டை மூட்டையாகக் குப்பை. லின்ட் காலத்துக் கணக்குதான், அளவுதான் பெருசு.

அதனால் பொட்டி தட்டுற சகபதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஆணி புடுங்கும்போது கருவி ஏதாவது மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால், அதை அணைக்கும் முன் அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். சொல்ல முடியலைன்னா, அது இன்னும் உங்க கையில் இருக்கிற கேள்வி.

டிஸ்கி: அண்டா, உப்பு, வடை எல்லாம் புரிவதற்காகச் சொன்ன உவமைகள். நிபுணர்கள் பின்னூட்டத்தில் அண்டாவின் கொள்ளளவைக் கேட்டுக் கும்மியடிக்க வேண்டாம்னு தாழ்மையுடன் கேட்டுக்கறேன் :-)